இறகுத் தண்டு கரையவில்லை: புரோட்டினேஸ் கே கெட்டுவிட்டதா?

கேள்வி (முதுகலை மாணவி):
வணக்கம். வளர்ப்புப் புறாக்கள் உதிர்த்த இறகிலிருந்து டிஎன்ஏ பிரித்து, பிசிஆர் (டிஎன்ஏவின் ஒரு பகுதியைப் பல நகல்களாகப் பெருக்கும் முறை) மூலம் ஆண், பெண் கண்டறிவது என் செயல்திட்டம். இறகின் அடித்தண்டை அரை சென்டிமீட்டர் வெட்டி, 500 மைக்ரோலிட்டர் கரைசலில் (பிஎச்சை நிலையாக வைக்கும் டிரிஸ், பிஎச் 8; உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ; சோப்பு போன்ற எஸ்டிஎஸ், 1 சதவீதம்) போட்டு, புரதத்தை வெட்டும் நொதியான புரோட்டினேஸ் கே 5 மைக்ரோலிட்டர் சேர்த்து 56 டிகிரியில் இரவு முழுதும் வைத்தேன். காலையில் பார்த்தால் தண்டு போட்டபடியே, நகத்துண்டு போலக் கிடக்கிறது. இறகிலும் நகத்திலும் உள்ள கெரட்டின் என்ற புரதத்தைச் செரிப்பதால்தான் இந்த நொதிக்கு ‘கே’ என்று பெயர் என்று படித்தேன். பிறகு ஏன் கரையவில்லை? மூன்று முறை தோற்றுவிட்டேன். இறகுகளும் தீர்ந்துகொண்டிருக்கின்றன.

பதில் 1:
எஸ்டிஎஸ்ஸால் நொதி கெட்டிருக்குமோ என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலான நொதிகள் அதில் செயலிழக்கும், இது தாக்குப்பிடிக்கும். எஸ்டிஎஸ் புரதங்களின் மடிப்பை அவிழ்த்துவிடுவதால் வெட்டுவது இதற்கு இன்னும் எளிது. வெப்பநிலையும் பிஎச்சும் சரி. 5 மைக்ரோலிட்டர் என்கிறீர்களே, இருப்புக் கரைசலின் செறிவு என்ன? எப்படி வைத்திருக்கிறீர்கள்?

மாணவி:
மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம். தூளை வெறும் தண்ணீரில் கரைத்து, மூன்று வாரமாகக் குளிர்பெட்டியில் 4 டிகிரியில் வைத்திருக்கிறேன் ஐயா.

பதில் 1:
செறிவு சரி, உங்கள் குழாயில் மில்லிலிட்டருக்கு 200 மைக்ரோகிராம் வரும். ஆனால் வைத்திருந்த விதம் தவறு. இதுவும் ஒரு புரதம்தான், தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும். இதன் கட்டமைப்பைத் தாங்குவது கால்சியம் அயனிகள். அதனால் இருப்புக் கரைசலில் சிறிது கால்சியம் குளோரைடும் பாதி கிளிசராலும் சேர்த்து, சிறு சிறு குழாய்களாகப் பிரித்து மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். ஈடிடிஏ அந்தக் கால்சியத்தைப் பறித்தாலும் செயல்பாடு முற்றிலும் நின்றுவிடாது. டிஎன்ஏவைச் சிதைக்கும் நொதிகளை அடக்க அது தேவை.

இறகை வீணாக்காமல் சோதிக்க ஒரு வழி: கொழுப்பு நீக்கிய பால்தூளை 1 சதவீதம் கலக்கி, இரண்டு குழாய்களில் ஊற்றி, ஒன்றில் மட்டும் நொதி விடுங்கள். நொதி உயிரோடு இருந்தால் வெண்மை கலைந்து தெளியும்.

பதில் 2:
நொதி நன்றாக இருந்தாலும் அந்தத் தண்டு எளிதில் கரையாது, தங்கையே. இறகுக் கெரட்டினில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று கந்தகப் பிணைப்பால் பூட்டியிருக்கின்றன. புரோட்டினேஸ் கே வெட்டுவது அமினோ அமிலங்களைச் சங்கிலியாகக் கோக்கும் பெப்டைடு பிணைப்பை. பூட்டைத் திறப்பது அதன் வேலை இல்லை. அதற்குக் கந்தகப் பிணைப்பை உடைக்கும் டிடிடி என்ற வேதிப்பொருள் வேண்டும். 1 மோலார் கரைசலில் 20 மைக்ரோலிட்டர் சேருங்கள்; சுமார் 40 மில்லிமோலார் வரும். அது காற்றில் ஆக்சிஜனேற்றம் அடையும், பழையதை நம்பாதீர்கள்.

இன்னொன்று: தண்டு முழுதும் கரைய வேண்டிய அவசியமே இல்லை. உங்களுக்கு வேண்டியது உள்ளே ஒட்டியிருக்கும் செல்கள். தண்டை நீளவாக்கில் கீறித் திறந்து பாருங்கள். அடிமுனையோடு நிறுத்தாமல், மென்மயிர் தொடங்கும் இடத்தில் உள்ள சிறு துளையையும் தேடுங்கள்; பல இறகுகளில் அங்கே கருஞ்சிவப்பாக உறைந்த ரத்தம் ஒரு புள்ளியாக இருக்கும். உதிர்ந்த இறகில் நல்ல டிஎன்ஏ பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும். நீங்கள் வெட்டிய அரை சென்டிமீட்டரில் அந்தப் பகுதியே இல்லை.

மாணவி (நான்கு நாள் கழித்து):
பழைய நொதி விட்ட பால் ஒரு மணி நேரமாகியும் வெண்மையாகவே இருந்தது. புதியது விட்டது சில நிமிடங்களில் தெளிந்துவிட்டது. அக்கா சொன்ன ரத்தப் புள்ளி ஆறு இறகுகளில் நான்கில் இருந்தது! கடுகில் பாதிகூட இல்லை. அதைச் சுரண்டி, டிடிடி சேர்த்து வைத்தேன்; காலையில் கரைசல் மட்டுமே இருந்தது. பீனால்–குளோரோஃபார்மில் சுத்தம் செய்ய வேண்டுமா, 95 டிகிரியில் பத்து நிமிடம் சூடாக்கினால் போதுமா?

பதில் 2:
சூடு மட்டும் போதாது. நொதி செயலிழந்தாலும் எஸ்டிஎஸ் அங்கேயே இருந்து பிசிஆரைத் தடுக்கும். பீனாலில் சுத்தம் செய்து எத்தனாலில் வீழ்படிவாக்குங்கள். மிச்ச நொதியும் அதிலேயே போய்விடும். அது தங்கினால் பிசிஆரில் டிஎன்ஏவை நகலெடுக்கும் டாக் பாலிமரேஸ் நொதியையும் வெட்டித் தின்றுவிடும். ஆர்என்ஏவைச் சிதைக்கும் ஆர்என்ஏஸ் நொதியைச் சேர்ப்பதாக இருந்தால் புரோட்டினேஸ் கேவுக்கு முன்பே சேருங்கள், இரண்டையும் ஒரே நேரத்தில் ஊற்றாதீர்கள்.

மாணவி:
நான்கு இறகுகளிலும் பிசிஆர் வந்துவிட்டது. மூன்றில் ஒரு பட்டை, ஒன்றில் இரண்டு. பறவைகளில் பெண்ணுக்குத்தான் இரு வேறு பாலினக் குரோமோசோம்கள் (Z, W) என்பதால், அந்த ஒன்று பெண் புறா.