வேலியைப் பிடுங்கிவிட்டால் கோபாட் ஆகிவிடுமா?

பழைய ஃபிட்டர்:
கோபாட் என்றால் மனிதனோடு கூட்டாக வேலை செய்யும் ரோபோ. இன்று வேலி இல்லாமல் அந்தப் பெயரில் விற்கப்படும் ரோபோக் கைகள் அதற்கு உரியவை அல்ல என்பது என் கட்சி. 1996இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் கோல்கேட்டும் மைக்கேல் பெஷ்கினும் உருவாக்கிய கோபாட்டில், பொருளை நகர்த்தும் மோட்டாரே கிடையாது. அதன் எளிய வடிவம் ஒற்றைச் சக்கரம். தள்ளுவது மனிதன், சக்கரத்தைத் திருப்புவது மட்டும் கணினி. தடையில்லாத இடத்தில் நீங்கள் எந்தப் பக்கம் தள்ளினாலும் சக்கரம் பணிந்து திரும்பும். நிரலில் எழுதிவைத்த 'சுவரை' எட்டியதும் அதற்கு இணையாகத் திரும்பி நின்றுகொள்ளும். அதன் பிறகு என்ன முட்டினாலும் சுவரோரமாகத்தான் வழுக்கிப் போகலாம். கண்ணுக்கு ஒன்றுமில்லை, கைக்குச் சுவர் தெரியும்.

இந்த ஆய்வுக்குப் பின்னால் ஜெனரல் மோட்டார்ஸ் இருந்தது. வண்ணம் பூசிய காரிலிருந்து கதவைக் கழற்றி எடுக்கும்போது கீறல் விழக்கூடாது. கதவின் பாரத்தை இயந்திரம் தாங்கி, போகும் வழியையும் காக்கும். எப்போது, எவ்வளவு வேகத்தில் என்பது தொழிலாளியின் கையில். கூட்டுவேலை என்றால் அதுதான்.

வார்ப்படப் பட்டறை:
அண்ணே, கேட்க நன்றாக இருக்கிறது. அது என்னைப் போன்றவன் பட்டறை வாசல்வரை வந்ததா? டென்மார்க்கின் ஓடென்ஸ் நகரில் 2005இல் தொடங்கிய யுனிவர்சல் ரோபாட்ஸ், 2008இல் யுஆர்5 கையை விற்க ஆரம்பித்தது. 5 கிலோ தூக்கும், 850 மில்லிமீட்டர் எட்டும். கதையை மாற்றியது அதுதான். கணினி இயக்கும் எங்கள் சிஎன்சி லேத்தில் வேலை பார்க்கும் பெண், கையைப் பிடித்து நடத்தியே ஒரு மதியத்தில் அதற்கு வேலையைக் கற்றுக்கொடுத்துவிட்டார். அவர் நிரல் எழுதப் படித்தவர் இல்லை.

பழைய ஃபிட்டர்:
கற்றுக்கொடுத்த பிறகு அவர் எங்கே நிற்கிறார், தம்பி? வேறு இயந்திரத்தில். கை தனியாக லேத்துக்குப் பொருள் ஊட்டுகிறது. கூடத்தில் சேர்ந்து இருப்பதெல்லாம் சேர்ந்து வேலை செய்வது ஆகிவிடுமா?

பாதுகாப்பு அலுவலர்:
இருவரும் பெயரைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். 1979இல் மிச்சிகனில் ஃபோர்டு வார்ப்பாலையில் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற தொழிலாளி ரோபோவின் கை அடித்து இறந்தார். ரோபோவைச் சுற்றிப் போடும் வேலி என்பது இப்படிப்பட்ட சாவுகளுக்குப் பதில். அதை எடுப்பதென்றால் கணக்கு வேண்டும். சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓ 2016இல் வெளியிட்ட 15066 ஆவணம், உடலில் 29 இடங்களைக் குறித்து, ஒவ்வொன்றும் எவ்வளவு விசையும் அழுத்தமும் தாங்கும் என்று எல்லை வகுத்தது. கவனியுங்கள்: கை மெதுவாக மோதினால் நின்றுவிடும், சரி. அதன் நுனியில் கூரான தகடு இருந்தால்? கை சாதுவானதுதான், தகடு சாது இல்லையே. அதனால்தான் 2025இல் திருத்திய ஐஎஸ்ஓ 10218 என்ற ரோபோ பாதுகாப்புத் தரம் கோபாட் என்ற வகையையே கைவிட்டது. பயன்பாடுதான் கூட்டுவேலையாக இருக்க முடியும், ரோபோ அல்ல என்பது அதன் நிலை.

பழைய ஃபிட்டர்:
ஆக, தரம் எழுதியவர்களும் என் பக்கம்.

பாதுகாப்பு அலுவலர்:
இல்லை ஐயா. உங்கள் சக்கரக் கோபாட்டையும் அதே கணக்கில்தான் பார்ப்பார்கள். கதவுக்கும் தூணுக்கும் நடுவே விரல் மாட்டினால் தள்ளியது மனிதன் என்பதால் வலி குறையாது.

வார்ப்படப் பட்டறை:
தகடு என்றதும் சுருக்கென்றது. வேலியே தேவையில்லை என்று சொல்லித்தான் எங்களுக்கு விற்றார்கள். பிசிறு நீக்காத வார்ப்பைத் தூக்கிக்கொண்டு கை திரும்பியதை முதல் நாள் பார்த்தவுடன் நானே பயந்துபோனேன். அப்புறம் தரையோரம் லேசர் ஸ்கேனர் வைத்தோம். யாராவது அருகே போனால் கை வேகம் குறைத்து, இன்னும் நெருங்கினால் நின்றுவிடும். டீ வண்டி வருகிற நேரமெல்லாம் கை நின்று நின்று போகிறது. ஒரு ஷிஃப்டுக்கு என்று அவர்கள் சொன்ன எண்ணிக்கையை இதுவரை எட்டவில்லை.

பழைய ஃபிட்டர்:
வேலியைப் பிடுங்கிவிட்டு ஒளியால் வேலி போட்டிருக்கிறீர்கள். இனியாவது அதை ரோபோ என்றே கூப்பிடுங்கள்.

வார்ப்படப் பட்டறை:
கூப்பிடலாம் அண்ணே. வங்கிக் கடன் பத்திரத்தில் கோபாட் என்று எழுதியாகிவிட்டது. இன்னும் 31 தவணை பாக்கி.