வீட்டு குரூப்: மாடி போட்டோ பெட்டியை லேப்டாப்ல கொண்டு வர்றது

சித்தப்பா: தம்பி மாடில ரவுட்டர் பக்கத்துல வச்சிருக்கற போட்டோ பெட்டி, அதான் வீட்டு போட்டோ எல்லாம் டிஸ்க்ல போட்டு எல்லாரும் பாக்கற மாதிரி வச்சிருக்கியே அது, என் லேப்டாப்ல எங்கயுமே காட்டல, டி டிரைவ் மாதிரி தெரியும்னு சொன்னியே

நான்: தெரியும் சித்தப்பா, ஒரு தடவை மேப் பண்ணி விடணும், அதாவது பெட்டில இருக்கற ஃபோல்டருக்கு உங்க லேப்டாப்ல ஒரு டிரைவ் லெட்டர் குடுக்கணும். ஃபைல் எக்ஸ்ப்ளோரர் திறந்து இடது பக்கம் திஸ் பிசி அமுக்குங்க, மேல மூணு புள்ளி இருக்கும் அதுக்குள்ள மேப் நெட்வொர்க் டிரைவ்னு இருக்கும். லெட்டர் இசட் வச்சுக்கங்க, ஃபோல்டர்னு கேக்குற இடத்துல இதை அப்படியே காப்பி பண்ணி போடுங்க

நான்: \\192.168.1.50\படங்கள்

நான்: கையால அடிக்கறதா இருந்தா அந்தக் கோடு எண்டருக்கு மேல இருக்கே அது, கேள்விக்குறி கூட இருக்கற கோடு இல்ல. கீழ ரீகனெக்ட் அட் சைன் இன்ல டிக் இருக்கட்டும், இல்லன்னா லேப்டாப்ப ஆஃப் பண்ணி ஆன் பண்ணா இசட் காணாம போயிடும். அதுக்கு அடியில டிஃபரென்ட் கிரெடென்ஷியல்ஸ்னு இருக்கும், அதுக்கும் டிக் போடுங்க

சித்தப்பா: நெட்வொர்க் பாத் கிடைக்கலங்குது

நான்: எந்த வைஃபைல இருக்கீங்க

சித்தப்பா: விருந்தாளிங்க வந்தா குடுப்போமே அந்த கெஸ்ட்

நான்: அதான் காரணம். கெஸ்ட் வைஃபைல இன்டர்நெட் மட்டும்தான் கிடைக்கும், வீட்டுக்குள்ள இருக்கற மத்த மெஷின் எதையும் பாக்க விடாது. வீட்டு வைஃபைக்கு மாறுங்க

சித்தப்பா: மாறிட்டேன் இப்ப பாஸ்வேர்டு கேக்குது, லேப்டாப் பின் போட்டா தப்புங்குது

நான்: பின் உங்க லேப்டாப்ப திறக்க மட்டும்தான். இது பெட்டியோட யூசர்நேம் பாஸ்வேர்டு, உங்களுக்குன்னு தனியா போட்டிருக்கேன், உங்க நம்பருக்கு அனுப்பறேன் குரூப்ல வேணாம். ரிமெம்பர்ல டிக் போட்டுட்டா அடுத்த தடவை கேக்காது

சித்தப்பா: வந்துடுச்சு தம்பி!! அப்பாவோட அறுபதாம் கல்யாணம் முழுசும் இருக்கு, அம்மா மாலையோட நிக்கறது நான் பாத்ததே இல்ல

அத்தை: அண்ணா எனக்கு அந்த மாலை போட்டோ அனுப்பு

சித்தப்பா: அனுப்பறேன். ஆனா ஒரே படம் நாலஞ்சு தடவை இருக்கு, நான் உக்காந்து வேண்டாததை டெலீட் பண்ணிடறேன், தப்பா போனாலும் ரீசைக்கிள் பின்ல இருக்கும்ல

நான்: சித்தப்பா ஒண்ணுமே டெலீட் பண்ணாதீங்க ப்ளீஸ்

நான்: இசட்னு பாக்க நம்ம லேப்டாப் டிரைவ் மாதிரிதான் இருக்கும் ஆனா படம் எல்லாம் மாடிலதான் இருக்கு, நீங்க பாக்கறதும் பெரியப்பா பாக்கறதும் ஒரே ஃபைல். நெட்வொர்க் டிரைவ்ல அழிச்சா உங்க ரீசைக்கிள் பின்னுக்கு வராது, நேரா போயிடும், எல்லாருக்கும் போயிடும். கட் பேஸ்ட்டும் அதே மாதிரிதான், உங்க டெஸ்க்டாப்புக்கு கட் பண்ணா மத்தவங்களுக்கு இல்ல, காப்பி மட்டும் பண்ணுங்க

சித்தப்பா: நல்லவேளை கேட்டேன், ஒண்ணும் தொடல

நான்: படங்கள் ஃபோல்டரை எல்லாருக்கும் பாக்க மட்டும்னு இன்னைக்கே மாத்திடறேன். புதுசா படம் போட 'வரவு'ன்னு பேர் வச்சு இன்னொரு ஃபோல்டர், அதை லெட்டர் ஒய்னு மேப் பண்ணிக்கலாம். ரெண்டுக்கும் ஒரே யூசர்நேம்தான் போடணும், ஒரே பெட்டிக்கு ரெண்டு யூசர்நேம்ல போனா விண்டோஸ் ஒத்துக்காது

அக்கா: மேக்ல எப்டிடா? எனக்கு சிங்கப்பூர்ல இருந்தே வேணும்

நான்: மேக்ல ஃபைண்டர்ல கோ மெனு, கனெக்ட் டு சர்வர். ஆனா அது நீ வீட்டுக்கு வந்தா மட்டும்தான்கா

அக்கா: என் ஃப்ரெண்ட் ரவுட்டர்ல ஏதோ போர்ட் திறந்தா போதும்ங்கறான்

நான்: 445 போர்ட்டை சொல்றார், போர்ட்னா வெளிய இருந்து நெட்வொர்க்குள்ள வர்ற வாசல் மாதிரி, அதை மட்டும் திறக்கவே கூடாது. 2017 மே மாசம் வானாக்ரை வந்துச்சே, உலகம் பூரா கம்ப்யூட்டர பூட்டிட்டு பணம் கேட்டுச்சே, அது பரவினதே பழைய எஸ்எம்பில, அதான் விண்டோஸ் நெட்வொர்க்ல ஃபைல் ஷேர் பண்ற முறை, அதுல இருந்த ஓட்டை வழியா இந்த போர்ட்லதான். நம்ம பெட்டில அந்தப் பழைய எஸ்எம்பி வெர்ஷன் ஆஃப்தான், இருந்தாலும் தெருவ பாத்து கதவு திறந்து வைக்க எனக்கு மனசு வரல. உனக்கு விபிஎன், அதாவது வெளிய இருந்து வீட்டு நெட்வொர்க்குக்கு பாதுகாப்பான தனி வழி, போட்டு தரேன், அதை ஆன் பண்ணிட்டு கனெக்ட் பண்ணு, வீட்ல இருந்து திறக்கற மாதிரியே திறக்கும், கொஞ்சம் மெதுவா இருக்கும் அவ்ளோதான்

பெரியப்பா: உள்ள ரெண்டு டிஸ்க் இருக்குன்னு சொன்னியேப்பா, ஒண்ணு போனா ஒண்ணு இருக்கும்ல?

நான்: டிஸ்க் கெட்டுப்போனா காப்பாத்தும் பெரியப்பா, ஆனா ஒருத்தர் அழிச்சா ரெண்டுலயும் சேர்ந்து அழியும், இடி விழுந்தா ரெண்டும் சேர்ந்து போகும். அதனால ஒரு யூஎஸ்பி டிஸ்க்ல முழு காப்பி எடுத்து வேற வீட்ல வைக்கணும்

அத்தை: எங்க வீட்டு பீரோல வை, சாவி என்கிட்டதான் இருக்கு

நான்: சரி அத்தை, இன்னைக்கு ராத்திரி காப்பி ஓட விடறேன், முடிஞ்சதும் எடுத்துட்டு வரேன். மாசம் ஒரு தடவை வாங்கிட்டு போய் புதுசு சேத்து குடுப்பேன்

அத்தை: வரும்போது சாப்பிட்டு போ