புதுப்பிப்பு: மணி அடித்தால் மேசைக்கடியில் ஒளியும் மகன்

மூன்று மாதத்துக்கு முன் கேட்டிருந்தேன்: ஆட்டிசம் உள்ள என் 7 வயது மகன், வகுப்பில் மணி அடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போய்விடுகிறான், என்ன செய்வது என்று. பலரும் சத்தம் குறைக்கும் ஹெட்போன் சொன்னீர்கள். வாங்கினோம். பாதிதான் உதவியது.

மீதிக் காரணத்தைக் கண்டுபிடித்தது சிறப்புக் கல்வி ஆசிரியை. முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பிறகு என்ன ஆனது என்று இரண்டு வாரம் குறித்து வைத்தார். மணியே அடிக்காமல் பாடம் மாறியபோதும் ஒளிந்திருக்கிறான்! அடுத்து என்ன என்று தெரியாததுதான் பயம். எனக்கு இது தோன்றவே இல்லை.

இப்போது மேசையில் பட அட்டவணை. முடிந்த வேலையின் படத்தை அவனே எடுத்து டப்பாவில் போடுகிறான். பாடம் மாறுவதற்கு 5 நிமிடம் முன்பே மணல் கடிகாரத்தைக் கவிழ்த்து வைக்கிறார்கள்.

அப்புறம், பெக்ஸ் பற்றிக் கேட்டவர்களுக்கு: 1985-இல் அமெரிக்காவில் உருவான படப் பரிமாற்ற முறை அது; பேசச் சிரமப்படும் குழந்தை தனக்கு வேண்டியதன் படத்தைக் கொடுத்துக் கேட்கும். முதல் கட்டத்தில் "என்ன வேணும்?" என்று கேட்கக் கூடாது, குழந்தையே படத்தை எடுத்து நீட்ட வேண்டும். பின்னால் உட்கார்ந்து கைபிடித்து உதவ இன்னொருவர் தேவை. வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது.

வேறு ஆசிரியர் வரும் நாட்களில் மட்டும் இன்னும் மேசைக்கடிதான்.