4 ஓம்ஸ் போட்டா பவர் டபுளா?

தேனித்தம்பி:
அசெம்பிள் பண்ண ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்) ஒண்ணு வாங்கினேன். பின்னாடி 100 + 100 வாட்ஸ்னு இருக்கு, எத்தனை ஓம்ஸுக்குன்னு போடலை. இப்போ பக்கத்துக்கு ஒரு 8 ஓம்ஸ் ஸ்பீக்கர் ஓடுது. இன்னொண்ணு பேரலல்ல சேர்த்தா பவர் டபுள்னு கடைல சொல்றாங்க. சேர்க்கலாமா?

ஒலிக்கூடம்:
தாராளமா சேருங்க தம்பி. ரெண்டு 8 பேரலல்ல 4 ஆகும். வோல்டேஜ் அதேதான், கரண்ட் ரெண்டு மடங்கு, அப்போ வாட்ஸும் ரெண்டு மடங்கு. கோயில் விசேஷம், கல்யாணம்னு இருபது வருஷமா இப்படித்தான் ஓட்டுறேன்.

ஈயப்பற்று:
கணக்கு சரிண்ணே. அந்தக் கரண்ட் எங்கிருந்து வரும்? தம்பி, பிளக்கைப் பிடுங்கிட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு மூடியைக் கழட்டி, ட்ரான்ஸ்ஃபார்மர்ல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க.

தேனித்தம்பி:
24-0-24 வோல்ட், 3 ஆம்பியர். இன்னொண்ணு, ஸ்பீக்கரை மல்டிமீட்டர்ல வச்சா 6.3 தான் காட்டுது. 8 இல்லையா அது?

ஈயப்பற்று:
8 தான். மீட்டர் காட்டுறது காயிலோட டிசி ரெசிஸ்டன்ஸ், அது எப்பவும் குறைச்சலாத்தான் வரும்.

இப்போ பாருங்க. 24 ஏசியை டிசியாக்கினா பிளஸ் மைனஸ் 34 வோல்ட். 8 ஓம்ஸ்ல 100 வாட்ஸ் வரணும்னா 28.3 வோல்ட் ஆர்எம்எஸ், அதாவது ஏசியோட பயனுள்ள அளவு, வேணும், அதோட உச்சம் 40. கையில 34 தான் இருக்கு. ட்ரான்சிஸ்டர்ல விழுறது போக உச்சம் 30 வந்தா 8 ஓம்ஸ்ல 56 வாட்ஸ், 4 ஓம்ஸ்ல அதுல ரெண்டு மடங்கு. ஆக, பின்னாடி எழுதின 100 என்பதே 4 ஓம்ஸ் கணக்கு. பேரலல்ல போட்டா 200 வராது. ட்ரான்ஸ்ஃபார்மர் தர்றது மொத்தமே 48 வோல்ட் பெருக்கல் 3 ஆம்பியர், 144 விஏ (வோல்ட்-ஆம்பியர்). ரெண்டு சேனலும் 100 கேட்டா வோல்டேஜ் படுத்துரும், பீக் வெட்டுப்படும், முதல்ல டுவீட்டர், அதான் கீச்சுச் சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கர், போகும்.

ஒலிக்கூடம்:
யாரும் சைன் வேவ், அதாவது ஒரே சீரா ஓடுற டெஸ்ட் சத்தம், கேக்கறதில்ல தம்பி. தவில் அடி விழுற நேரம்தான் முழு பவர். சராசரி பத்துல ஒரு பங்குகூட வராது. அந்த அடியை கெப்பாசிட்டர் தாங்கிக்கும். அதான் என் செட்டு எரியலை.

ஈயப்பற்று:
ஒத்துக்கறேன். ஆனா வால்யூமை எங்க நிறுத்தணும்னு உங்க காதுக்குத் தெரியும். வீட்ல ஒரு பையன் முழுசா திருப்பிட்டா? போன மாசம் இதே மாதிரி பேரலல் போட்ட செட்டு ஒண்ணு சர்வீஸுக்கு வந்தது. ட்ரான்சிஸ்டருக்கு அடியில வைக்கிற மைக்கா ஷீட் ஓரம் கருகி, அவுட்புட் ட்ரான்சிஸ்டர் ஷார்ட். ரயில் வோல்டேஜ், அதான் ஆம்புக்குள்ள வர்ற சப்ளை வோல்டேஜ், அப்படியே டிசியா ஊஃபருக்கு (பெரிய பேஸ் ஸ்பீக்கர்) போய் காயில் கரியாயிருந்தது. நல்ல ஸ்பீக்கர்ண்ணே அது, மனசு கேக்கலை.

வெள்ளிநாடா:
சத்தம்தான் வேணும்னா ஸ்பீக்கரோட சென்சிடிவிட்டியை, அதாவது ஒரே வாட்ஸுக்கு எவ்வளவு சத்தம் தருதுன்னு, பாருங்க. பவர் டபுள்னா 3 டெசிபல்தான். 87-க்குப் பதிலா 93 டெசிபல் ஸ்பீக்கர் வாங்கினா நாலு மடங்கு வாட்ஸுக்குச் சமம், ஆம்பைத் தொடவே வேண்டாம்.

ஒலிக்கூடம்:
அது செலவு. 24-0-24, 6 ஆம்பியர் ட்ரான்ஸ்ஃபார்மர் மாத்திட்டு பேரலல் போடுங்க தம்பி.

ஈயப்பற்று:
ட்ரான்சிஸ்டர் சூட்டை வெளியேத்துற ஹீட் சிங்க்கையும் பெரிசாக்கி, அவுட்புட் ட்ரான்சிஸ்டர் 4 ஓம்ஸுக்குத் தாங்குமான்னு பார்த்துட்டுப் போட்டா எனக்கும் சம்மதம். அதுவரைக்கும் பக்கத்துக்கு ஒண்ணே ஓடட்டும்.