சாயம் வேண்டாங்க: ஆஞ்சியோ டைக்கு ஒரு சொல்

வணக்கம்ங்க எல்லாருக்கும்,

டை கம்மியா போட்டு இதயத் தமனிய எக்ஸ்ரேல படம் எடுக்குறாங்களே, ஆஞ்சியோன்னு, அதுக்கு தமிழ்ல என்ன சொல்றதுன்னு போன வாரம் ஒரு தம்பி கேட்டாரு, 'குறைசாய இதயக்குழாய் வரைவியல்'னு பதிலும் வந்துச்சு. வரைவியல அப்புறம் பாத்துக்கலாம், எனக்கு தகராறு அந்த சாயத்தோடதான்.

நான் சேலம் அம்மாபேட்டை. எங்க சித்தப்பா சாயப்பட்டறையில நூலுக்கு சாயம் போட்டே காலத்த ஓட்டுனவரு, வேலைக்கு போன வரைக்கும் அவரு உள்ளங்கை என்ன நிறம்னு நான் பாத்ததே இல்ல. சுகர் இருக்கு, கிட்னி எப்படி இருக்குன்னு சொல்ற ரத்த டெஸ்ட்டு கிரியாட்டினின் 1.9, அதாவது கூடுதல், நெஞ்சுவலின்னு போனா ஆஞ்சியோ எடுக்கணும், டை போடணும்னாங்க. கூட வந்த அத்தை பையன் சும்மா இருக்காம 'ரத்தத்துல சாயம் ஏத்துவாங்களாம் மாமா'ன்னு விளக்கிட்டான். அவ்வளவுதான், மனுசன் கட்டில்ல இருந்து எறங்கிட்டாரு. 'திருமணிமுத்தாத்துல விட்டதே என்னாச்சுன்னு தெரியும்ல, அத என் ஒடம்புல விடச் சொல்றியா?'

அவரு பயந்ததுல தப்பு சொல்ல முடியாது, சொல்லுதான் தப்பு. அது சாயமே இல்லீங்க. குப்பியில பாத்தா தண்ணி மாதிரி நிறமே இல்லாம, கொஞ்சம் கெட்டியா இருக்கும். உள்ள இருக்குறது அயோடின், அணு எண் 53, எக்ஸ்ரே கதிர நல்லா மறிக்கும். ரத்தத்தையும் தசையையும் எக்ஸ்ரே ஏறத்தாழ ஒரே மாதிரிதான் பாக்குது, அதனால தமனி தனியா தெரியாது, அயோடின் ஓடுற அந்த ரெண்டு மூணு நொடி மட்டும் தமனியோட நிழல் கறுப்பா கொடி படர்ந்த மாதிரி திரையில விழும், அடைப்பு இருக்குற எடத்துல கொடி மெலிஞ்சு போயிருக்கும். எதுலயும் ஒட்டாது, கறை ஆகாது, கிட்னி வழியா வெளியேறிடும். சிக்கலும் அங்கதான், ஏற்கனவே சோர்ந்து போன கிட்னிக்கு அது கூடுதல் சுமை.

இங்கிலீசுல கான்ட்ராஸ்ட் மீடியம்ங்குறாங்க, அத 'மாறுபாட்டு ஊடகம்'னு பாடப்புத்தக பாணியில ஒருத்தர் சொன்னாரு. ஊடகம்னா எங்க ஊருல டிவிக்காரங்க. நான் மொதல்ல யோசிச்சது 'எடுப்பு'. பட்டுச்சேலையில பார்டர் எடுப்பா இருக்குன்னு தறிக்காரங்க சொல்றது அச்சு அசலா இதே பொருள்தான. வீட்டுல சொன்னேன், எடுப்பு சாப்பாடும் எடுப்பு கக்கூசும்தான் ஞாபகம் வருதுன்னு சிரிக்கிறாங்க, விட்டுட்டேன்.

இப்ப நான் சொல்றது நிழல்மருந்து. நிழல்படம்ங்குற சொல் ஏற்கனவே இருக்கு, ஜனங்களும் 'மருந்து ஏத்தி படம் எடுத்தாங்க'ன்னுதான் பேசுறாங்க. சித்தப்பா கேட்டாரு, எந்த நோயும் குணமாகலையே, அது எப்படிடா மருந்துன்னு. நியாயமான கேள்விதான். ஆனா ஏற்காட்டு காப்பித் தோட்டத்துல மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளிக்கிறதையும் மருந்து அடிக்கிறதுன்னுதான சொல்றோம், பட்டாசுக்குள்ள இருக்குறதும் மருந்துதான், நம்ம மொழியில மருந்துன்னா குணமாக்கியே ஆகணும்னு கட்டாயம் இல்ல.

அடுத்தது 'கம்மியா'. குறைநிழல்னா படமே மங்கல்னு ஆயிடும், அளவுதான் கொறையுது, தெளிவு கொறையல. சிக்கனம்னா ஆஸ்பத்திரி காசு மிச்சம் பண்ணுதுன்னு நெனப்பாங்க. சொட்டுமருந்த போலியோ எடுத்துக்கிச்சு. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெஸ் வாசல்ல நிக்கிறப்பதான் போர்டு கண்ணுல பட்டுச்சு, 'அளவு சாப்பாடு'. அதேதாங்க! அளவுமருந்து ஆஞ்சியோ. அளவான்னா கஞ்சத்தனம் இல்ல, தேவைக்கு மேல போகாததுன்னு எல்லாருக்கும் புரியும்.

வேலை நடக்குற விதமும் அப்படித்தான். சித்தப்பாவுக்கு கிட்னி வடிகட்டுற கணக்கு, அந்த இஜிஎஃப்ஆர், 38. மருந்து மில்லி அந்த எண்ணோட மூணு மடங்க தாண்டக்கூடாது, முடிஞ்சா அந்த எண்ணுக்குள்ளயே முடிக்கணும்னு டாக்டர் சீட்டு பின்னால எழுதியே காட்டுனாரு. இதயத்த ஒலியில பாக்குற எக்கோ ஸ்கேன் ஏற்கனவே எடுத்து இருந்ததால இதய அறைக்குள்ள மருந்து அடிச்சு பாக்குறத விட்டுட்டாங்க, தமனிக்கு ஒரு தடவைக்கு நாலஞ்சு மில்லிதான், மொத்தம் 28 மில்லியில முடிஞ்சுது. அடைப்ப விரிச்சு வைக்கிற ஸ்டென்ட் குழாய் வச்சாலும் தமனிக்குள்ளயே சின்ன அல்ட்ராசவுண்ட் விட்டு ஒலியில பாத்து மருந்த கொறைக்கலாமாம். சிடி ஸ்கேன்ல எடுக்குற ஆஞ்சியோவுல எக்ஸ்ரே குழாயோட கிலோவோல்ட்ட 120ல இருந்து 80க்கு எறக்குனா அயோடின் இன்னும் பளிச்சுனு தெரியும், அப்பவும் கம்மி மருந்து போதும்.

ஒண்ணு சொல்லணும். 1958ல கிளீவ்லாண்டுல மேசன் சோன்ஸ்னு ஒரு டாக்டர் பெருந்தமனிய படம் எடுக்கப் போக, குழாய் நழுவி வலது இதயத் தமனிக்குள்ள சுமார் 30 மில்லி மொத்தமா போயிடுச்சு. இதயம் நின்னு போச்சு, நோயாளிய இரும வச்சு திரும்ப ஓட வச்சாங்க, இந்த ஆஞ்சியோ பொறந்ததே அந்த விபத்துல இருந்துதான். அன்னைக்கு ஒரே தமனிக்குள்ள தவறிப் போன அளவுக்குள்ள இன்னைக்கு சித்தப்பாவுக்கு முழு ஆஞ்சியோவே முடிஞ்சிருச்சு.

ஈழத்து நண்பர்கள் தமனிய நாடின்னுதான் எழுதுவீங்க, அதுவும் இருக்கட்டும், எங்க பக்கம் நாடின்னா கைய புடிச்சு பாக்குறது. அப்புறம், புணர்ச்சி விதிப்படி 'நிழன்மருந்து'ன்னு வரணும்னு எப்படியும் யாராச்சும் எழுதுவீங்க. விதி சரிதாங்க, ஆனா அது சித்தப்பா வாயில நுழையாது, லகரத்தோடயே விட்ருங்க. வரைவியலுக்கு அடுத்த மடல்ல சண்ட போடலாம்.