விருதின்மேல் விருது: ‘பார்’ என்பதற்குத் தமிழ் எது?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

குழு அன்பர்களுக்கு வணக்கம். பிரிட்டனின் மிக உயர்ந்த போர்வீர விருதான விக்டோரியா கிராஸின் வரலாற்றைப் பள்ளி மாணவர்களுக்கான சிறு நூலாகத் தமிழாக்கி வருகிறேன். திங்கட்கிழமை அச்சகத்துக்குத் தந்தாக வேண்டும். 1856 ஜனவரி 29 அன்று விக்டோரியா அரசியார் பிறப்பித்த ஆணையில், இவ்விருதைப் பெற்ற ஒருவர் மீண்டும் அத்தகைய வீரச்செயல் புரிந்தால், சிலுவை வடிவப் பதக்கம் தொங்கும் நாடாவில் ‘பார்’ (bar) என்னும் உலோகப் பட்டை ஒன்று சேர்க்கப்படும் என்று உள்ளது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஏட்டளவில் கிடந்த அந்த விதி முதல் உலகப் போரில்தான் முதன்முதலாகப் பயன்பட்டது. இதுவரை அதைப் பெற்றவர்கள் மூவர்: ஆர்தர் மார்ட்டின்-லீக், நோயல் ஷவாஸ், சார்லஸ் அப்ஹாம். ‘விக்டோரியா கிராஸும் பாரும்’ என்று எழுதினால் பிள்ளைகள் மதுக்கடையைத்தான் நினைப்பார்கள். என்ன சொல் இடலாம்?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அன்பரே, தேடி அலைய வேண்டியதில்லை. தொல்காப்பியப் புறத்திணையியல் வஞ்சித் துறைகளுள் ‘மாராயம் பெற்ற நெடுமொழி’ என்று ஒன்றைச் சொல்கிறது. வேந்தன் வீரனுக்குச் செய்யும் சிறப்பே மாராயம். எனவே முதல் விருது மாராயம், இரண்டாவது மறுமாராயம். இதனினும் பொருத்தமான சொல்லை நூறு ஆண்டு தேடினாலும் காண இயலாது.

கல்லூரி விரிவுரையாளர்:

ஐயா, தங்கள் புலமைக்கு வணக்கம். ஆனால் இரண்டு தடைகள் உள்ளன. மாராயம் என்ற சொல்லே மகாராஜனிலிருந்து வந்ததென்று கொள்வோர் உண்டு. வடசொல்லை விலக்கப் புறப்பட்டு அதையே வாயிற்படியில் வைத்து வரவேற்கலாமா? அடுத்து, ‘மறு’ என்றால் மீண்டும் என்பது மட்டுமன்று, களங்கம் என்பதும் பொருள். நிலவுக்கு மறு உண்டென்று படித்த மாணவன், இவருடைய மாராயத்தில் ஏதோ குற்றம் போலும் என்று எண்ணக்கூடும்.

தமிழாசிரியர்:

அரசன், அரையன், ராயன் என்னும் வரிசை தமிழ் வேரினது என்பதை நான் பலமுறை எழுதிவிட்டேன். அம்மையார் பழைய மடல்களைப் பார்க்கவும்.

சங்க இலக்கிய ஆர்வலர்:

நீங்கள் இருவரும் வேரைத் தோண்டிக்கொண்டிருக்க, ‘பார்’ என்பதே தமிழ் என்பதை யாரும் கவனிக்கவில்லை. பெரும்பாணாற்றுப்படை உப்பு வணிகரின் வண்டியைச் சொல்லுமிடத்தில் ‘எழூஉப் புணர்ந்தன்ன பரூஉக்கை நோன்பார்’ என்கிறது. வண்டியின் நெடுஞ்சட்டமே பார். நாடாவின் குறுக்கே அமையும் உலோகச் சட்டத்துக்கு இது எப்படிப் பொருந்தாமற்போகும்? சொல் இங்கிருந்தே கடல் கடந்திருக்கக்கூடும் என்பது என் நெடுநாளைய ஐயம்.

விரிவுரையாளர்:

அந்த ஐயத்தை வேறொரு மடலில் தீர்த்துக்கொள்வோம். அதே அடியில் எழு என்பதுதான் குறுக்குமரம். பார் அதற்கு உவமிக்கப்படும் வேறு பொருள். தங்கள் வழியிலேயே சென்றாலும் ‘விக்டோரியா கிராஸும் எழுவும்’ என்றுதான் முடியும். படிப்பவன் எழுந்து நிற்பான்.

முன்னாள் படைவீரர்:

ஐயா, அம்மா, நான் தமிழ் இலக்கணம் அறியாதவன். ஆயினும் பொருளைப் பிரித்தறியாமல் பெயரிடுகிறோம் என்று தோன்றுகிறது. விக்டோரியா கிராஸில் ‘பார்’ எனப்படுவன இரண்டு. சிலுவைக்கு மேலே நம் வாகைப் பூவைப் போல வெற்றிக்கு அறிகுறியான லாரல் இலை செதுக்கி, நாடாவைக் கோத்திருக்கும் சட்டம் ஒன்று. அது விருது பெற்ற எல்லாருக்கும் உண்டு, அதன் பின்புறத்தில்தான் பெயர் பொறிக்கப்படும். இரண்டாம் முறை வென்றவருக்கு நாடாவில் ஏறுவது மற்றொன்று. இவை தவிர, கிரிமியப் போர்ப் பதக்கத்தில் ஆல்மா, இன்கர்மன் என்று களத்தின் பெயர் பொறித்த பட்டைகள் உண்டு. அவை வீரத்துக்கல்ல, அந்தப் போரில் இருந்தமைக்கு. மூன்றுக்கும் ஒரே சொல் போட்டால் நூல் குழம்பும். நம் பரம் வீர் சக்கரத்துக்கும் 1950 முதல் இதே ஏற்பாடு உண்டு, ஆனால் பெற்ற 21 பேரில் எவருக்கும் ‘பார்’ வழங்கப்படவில்லை. சேனா பதக்கத்துக்கு ‘பார்’ பெற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அதைப் பார் என்றே சொல்கிறார்கள்.

மொழிபெயர்ப்பாளர்:

மிக்க நன்றி, ஐயா. இந்த வேறுபாடு நான் பெயர்க்கும் மூலநூலில்கூட இல்லை. அப்படியானால் கோத்துத் தாங்குவது தாங்குசட்டம், களப்பெயர் தாங்கியது களப்பட்டை, மீண்டும் வென்றமைக்குத் தருவது மீள்விருதுப் பட்டை என்று கொள்ளலாமா? ‘மீள்’ என்பதில் மறுவின் சிக்கல் இல்லை.

விரிவுரையாளர்:

எனக்கு உடன்பாடே. அழகில்லை, ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அடிக்குறிப்பில்லாமல் விளங்கும்.

தமிழாசிரியர்:

விருது என்னும் சொல்லையே நான் ஐயத்தோடுதான் பார்க்கிறேன். பெரும்பான்மையினர் சோர்ந்துவிட்டபடியால் தடுக்கவில்லை. உடன்பட்டதாகவும் கொள்ள வேண்டாம்.

ஆர்வலர்:

பார் என்பதற்கு என் வாக்கு பதிவில் இருக்கட்டும்.

முன்னாள் படைவீரர்:

அச்சுக்குப் போகுமுன் படவிளக்கங்களையும் சரிபாருங்கள். பதக்கம் இல்லாமல் நாடாவை மட்டும் சட்டையில் அணியும்போது அதன்மேல் பட்டை எதுவும் இராது. ஒருமுறை வென்றவருக்குச் சிறு சிலுவை ஒன்று, ‘பார்’ பெற்றவருக்கு இரண்டு. ஆகவே அத்தகைய படத்தின் கீழே ‘மீள்விருதுப் பட்டையுடன் அப்ஹாம்’ என்று எழுதினால் பிழையாகும்.

மொழிபெயர்ப்பாளர்:

அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன். அந்தச் சிறு சிலுவைக்கு ஞாயிறு மாலைக்குள் யாரேனும் ஒரு சொல் தந்தால் உதவியாக இருக்கும்; மாராயக்குறி என்பது வேண்டாம், ஐயா பொறுத்தருள்க.