ஏ4 ஸ்டிக்கர் ஷீட்டில் எண்ணெய் பாட்டில் லேபிள்: கீழே போகப் போக அச்சு நகருது

கலவை_செக்கு:
வணக்கம். மரச்செக்கு கடலை எண்ணெய், 500 மி.லி., 1 லிட்டர் பாட்டில். மாசம் 200 லேபிள் போல வேணும். ஒரு ஷீட்டுக்கு 8 லேபிள், ஒண்ணு 99.1 × 67.7 மி.மீ. வேர்டுல அளவை நானே டைப் பண்ணி டெம்ப்ளேட் போட்டேன். முதல் வரிசை சரியா உட்காருது. நாலாவது வரிசை 6 மி.மீ. மேலே ஏறிடுது, வலது பத்தி 3 மி.மீ. இடது பக்கம் வந்துடுது. பிரிண்டர் இங்க் டேங்க். இன்னும் ரெண்டு பிரச்சினை: எண்ணெய்க் கை பட்டா கலர் கரையுது. ஃபைலைக் கடைக்கு எடுத்துட்டுப் போனா தமிழ் எழுத்து உடையுது. ஆற்காடு பக்கம் கடைகளுக்குப் போடணும், லேபிள்ல வேற என்ன இருக்கணும்னும் சொல்லுங்க.

காட்பாடி_அச்சு:
நீங்க சொன்ன அளவுலயே காரணம் தெரியுது. நாலாவது வரிசையின் தலை ஷீட் மேலிருந்து 216.2 மி.மீ.ல தொடங்கணும் (மேல் ஓரம் 13.1 + 3 × 67.7). அதுல 6 மி.மீ. குறையுதுன்னா கிட்டத்தட்ட 2.7 சதவீதம். வலது பத்தி 106.25ல தொடங்கணும், அதுல 3 குறையுது, அதுவும் அதே விகிதம். லெட்டர்ங்கற அமெரிக்கத் தாள் அகலம் 215.9 மி.மீ., ஏ4 அகலம் 210. 210ஐ 215.9ஆல வகுத்தா 0.973. அதாவது உங்க டெம்ப்ளேட் லெட்டர் சைஸ்ல இருக்கு, அச்சாகும்போது ஏ4க்குச் சுருங்குது. லேபிள் அளவை மட்டும் மாத்திட்டு பேஜ் சைஸைத் தொடாம விட்டா இதுதான் நடக்கும்.

மெயிலிங்ஸ், லேபிள்ஸ், ஆப்ஷன்ஸ், நியூ லேபிள் போங்க. வேர்டு செ.மீ.ல கேட்கும்: டாப் மார்ஜின் 1.31, சைடு மார்ஜின் 0.47, வெர்ட்டிகல் பிட்ச் 6.77, ஹரிஸான்டல் பிட்ச் 10.16, உயரம் 6.77, அகலம் 9.91, குறுக்கே 2, கீழே 4. பேஜ் சைஸ் ஏ4. பிட்ச்னா ஒரு லேபிளோட ஓரத்துல இருந்து அடுத்த லேபிளோட அதே ஓரம் வரை, நடுவுல இருக்கிற இடைவெளியும் சேர்த்து. இங்க குறுக்கே 2.5 மி.மீ. இடைவெளி, மேல கீழ இடைவெளியே கிடையாது. ரெடிமேட் டெம்ப்ளேட் எடுக்கறதா இருந்தா ஏவரிங்கற லேபிள் கம்பெனியோட யுஎஸ் லெட்டர் பட்டியல்ல எடுக்காதீங்க, ஏவரி ஏ4/ஏ5 பட்டியல்ல எல்7165 இதே அளவு.

அடுத்து ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டுல பிரிண்ட் பகுதி. ஏ4க்கும் லெட்டருக்கும் தகுந்தாப்பல அளவை மாத்தற டிக் இருக்கும், எடுத்துடுங்க. பிடிஎஃப்ல இருந்து அடிச்சா ‘ஆக்சுவல் சைஸ்’ மட்டும், ‘ஃபிட்’ வேண்டவே வேண்டாம்.

ஸ்டிக்கர் ஷீட்டை வீணடிக்காதீங்க. பக்கத்தோட குறுக்கே சரியா 100 மி.மீ. நீளத்துக்கு ஒரு கோடு போட்டு வெள்ளைத்தாள்ல அடிங்க. ஸ்கேல் வெச்சு அளந்து, தாளை ஸ்டிக்கர் ஷீட்டோட சேர்த்து ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. கோடு 97 வந்தா இன்னும் சுருங்குது. கோடு 100 வந்தும் எல்லா லேபிளும் ஒரே அளவு தள்ளி இருந்தா அது மார்ஜின் சமாச்சாரம், பிட்சைத் தொட வேண்டாம்.

ஓரத்தை ஒட்டி பார்டர் கோடு போடாதீங்க. எந்த பிரிண்டரும் தாளை 1 மி.மீ. அங்க இங்க இழுக்கும், பார்டர் அதைக் காட்டிக் கொடுத்துடும். வெள்ளைப் பின்னணி, எழுத்து நாலு பக்கமும் 3 மி.மீ. உள்ளே.

குடியாத்தம்67:
கலர் கரையறதுக்குக் காரணம் இங்க். பல டேங்க் பிரிண்டர்ல கருப்பு மட்டும் பிக்மென்ட் (கரையாத நுண்துகள் இங்க்), மத்த மூணும் டை இங்க் (கரையற சாயம்). டை இங்க் ஈரத்துல கரையும். காகித ஸ்டிக்கர்னா எண்ணெய் ஊறி காகிதமே கண்ணாடி மாதிரி ஆயிடும், அதுக்கு எந்த இங்க்கும் மருந்தில்ல. இங்க்ஜெட்டுக்குன்னே பூச்சு போட்ட பிபி (பிளாஸ்டிக்) ஃபிலிம் ஸ்டிக்கர் ஷீட் கேட்டு வாங்குங்க. அச்சடிச்சு நல்லா காய விட்டு, மேலே கோல்டு லேமினேஷன் (சூடில்லாம ஒட்டற) ஃபிலிம் ஒட்டினா தேய்ச்சாலும் போகாது. ஒண்ணு முக்கியம் அண்ணா: இந்த ஷீட்டைக் கடையில லேசர் பிரிண்டர்ல போட விடாதீங்க. உள்ளே மைத்தூளை உருக்கி ஒட்டற ஃபியூஸர் 200 டிகிரி கிட்ட சூடாகும், ஃபிலிம் உருகி ரோலர்ல சுத்திக்கும். லேசர்னா லேசருக்கான ஷீட் தனி. ரெண்டு லேபிள் உரிச்ச பாதி ஷீட்டையும் திரும்ப உள்ளே விடாதீங்க, ஓரம் தூக்கி உள்ளே ஒட்டிக்கும்.

முதல்ல நிரப்பி மூடி போட்டு, பாட்டிலை உலர்ந்த துணியால துடைச்ச பிறகுதான் லேபிள். நடுவுல அழுத்தி ரெண்டு பக்கமும் தடவிக்கிட்டே போங்க. நம்ம பக்கத்து சித்திரை வைகாசி வெயில்ல தகரக் கூரைக்குக் கீழே ஷீட் கட்டை வெக்காதீங்க. பசை இளகி ஓரத்துல கசியும், பிரிண்டர் ரோலர் பிசுபிசுத்துடும். பாக்கெட்டை மூடிப் படுக்க வைங்க.

எழுத்துரு_நண்பன்:
உடையற எழுத்து பாமினி மாதிரி பழைய ஃபான்ட்டா பாருங்க. அதுல தமிழ் எழுத்து இங்கிலீஷ் எழுத்துகளோட இடத்துல உட்கார்ந்திருக்கும். ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டர்ல வெறும் இங்கிலீஷ் குப்பையாத் தெரியும். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யுனிகோடுல திரும்ப டைப் பண்ணுங்க, நிர்மலா யுஐ அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் போதும். ‘கொ’, ‘கெ’ல கொம்பு தனியா புள்ளி வட்டத்தோட நின்னா அந்த சாஃப்ட்வேருக்கு யுனிகோடு தமிழைச் சேர்க்கத் தெரியலைன்னு அர்த்தம். கடைக்கு வேர்டு ஃபைல் கொடுக்காதீங்க, பிடிஎஃப் கொடுங்க. கோரல்டிரா டிசைன் சாஃப்ட்வேர்ல செய்யறதா இருந்தா முடிச்சதும் கண்ட்ரோல் கியூ அழுத்தி எழுத்தைக் கர்வ் (வெறும் கோட்டு வடிவம்) ஆக்குங்க. அதுக்கு முன்னாடி ஒரு காப்பி எடுத்து வைங்க, கர்வ் ஆன எழுத்தைத் திருத்த முடியாது.

ராணிப்பேட்டை_ஸ்டோர்:
தமிழ் மட்டும் இருந்தா சட்டப்படி செல்லாது. 2011 பொட்டலப் பொருள் விதிகள்படி விவரங்கள் இங்கிலீஷ்லயோ இந்தியிலயோ இருக்கணும், தமிழைக் கூடவே சேர்க்கலாம். பொருளின் பேர், தயாரிப்பாளர் பேர் முகவரி, நிகர அளவு, தயாரித்த மாதம் வருஷம், எல்லா வரியும் சேர்த்த எம்.ஆர்.பி., புகார் தொடர்பு எண் வேணும். எண்ணெய்க்கு அளவோட எடையும் போடுங்க. கடலை எண்ணெய் லிட்டருக்குச் சுமார் 910 கிராம், அரை லிட்டர் 455. உங்க எண்ணெயை ஒரு தடவை தராசுல வெச்சு உறுதி பண்ணிக்கங்க. 500 மி.லி. பாட்டிலுக்கு ஒரு மி.லி. விலையும் வேணும்: எம்.ஆர்.பி. 160னா 0.32 ரூபாய். 1 லிட்டர் பாட்டிலுக்கு எம்.ஆர்.பி.யும் லிட்டர் விலையும் ஒரே தொகைங்கறதால தேவையில்ல.

எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு உரிம) எண் 14 இலக்கம். சைவக் குறியான பச்சை வட்டம், முகப்புப் பரப்பு 100 சதுர செ.மீ. வரை 3 மி.மீ. விட்டம், 100ல இருந்து 500 வரை 4 மி.மீ. சுத்தி இருக்கிற சதுரம் வட்டத்தைப் போல ரெண்டு மடங்கு. பழைய டெம்ப்ளேட்டைக் காப்பி அடிச்சா முகவரியைப் பாருங்க: கலவை, ஆற்காடு எல்லாம் 2019ல இருந்து ராணிப்பேட்டை மாவட்டம். இன்னும் வேலூர் மாவட்டம்னு அடிச்ச லேபிள் நிறைய சுத்துது.

கலவை_செக்கு:
பேஜ் சைஸ் லெட்டர்லதான் இருந்தது. மாத்தினதும் கோடு சரியா 100 வருது. இப்ப எட்டு லேபிளும் 1.5 மி.மீ. கீழே இறங்கி நிக்குது.

காட்பாடி_அச்சு:
டாப் மார்ஜினை 1.31ல இருந்து 1.16 ஆக்குங்க, மத்தது எதையும் தொடாதீங்க. அந்த டெம்ப்ளேட்டை பிரிண்டர் பேரோட சேவ் பண்ணுங்க. வேற பிரிண்டர்ல இந்த 1.5 மாறும்.